வீட்டுக்குள் வந்த தொலைபேசி

ஒரு பள்ளத்தாக்கில், எப்படியாவது ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று ஏங்கிய தொலைபேசி ஒன்று இருந்தது.

அது இருந்த இடம் வயலின் கோடியில் ஒரு மரக்கூண்டு. உள்ளே ஓர் ஆள் நிற்கலாம்; உட்கார முடியாது. பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்கள் பழைய முறை மாறாமல் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவ மக்கள். குதிரை வண்டியில் போவார்கள், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சாப்பிடுவார்கள். புதிதாக எது வந்தாலும் அவர்கள் எடுத்த எடுப்பில் விரட்டிவிட மாட்டார்கள். 'இது நம்மைச் சேர்த்து வைக்குமா, பிரித்து வைக்குமா?' என்று சபை கூடிப் பேசுவார்கள். தொலைபேசி வந்தபோதும் பேசினார்கள். ஆபத்து அவசரத்துக்கு வேண்டும், ஆனால் வீட்டுக்குள் வேண்டாம் என்று முடிவாயிற்று.

தொலைபேசிக்கு அது தாங்க முடியாத அவமானம்.

"மாட்டுக்குக்கூட வீட்டை ஒட்டிக் கொட்டகை இருக்கு. என்னை மட்டும் கோடியில தள்ளி வெச்சிருக்காங்க," என்று கூண்டிடம் புலம்பும்.

"உன்னைத் தேடி ஆள் வருது. வர்ற வழியில ஒருத்தரை ஒருத்தர் பார்த்து நின்னு பேசுறாங்க. இதுல உனக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்கும் கூண்டு.

"உனக்கு என்ன தெரியும்? நீ வெறும் பலகை!"

அந்த வயலுக்குச் சொந்தக்காரர்கள் ஏனோஸும் அவன் மனைவி லவீனாவும். அவளுக்கு முதல் கரு கலைந்துபோயிருந்தது. மறுபடி உண்டானபோது, அதிகம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏனோஸோ பொழுதுக்கும் வயலில் கிடப்பவன். சபை மறுபடி கூடியது. பிள்ளை பிறக்கும்வரை தொலைபேசி வீட்டுக்குள் இருக்கட்டும் என்றார்கள். சட்டத்தைவிட மனுஷியைப் பெரிதாக நினைத்தவர்கள் அவர்கள்.

தொலைபேசி சமையலறைச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. கீழே நீளமான சாப்பாட்டு மேசை.

"இனி லவீனாவை நான் பார்த்துக்கிறேன். நீங்க எல்லாரும் ஓய்வெடுங்க," என்றது தொலைபேசி.

"பார்த்துக்கோ," என்றது மேசை.

அதுவரை பக்கத்துப் பண்ணை மலிண்டா தினமும் சூப்புப் பானையோடு வருவாள். மேசையில் உருளைக்கிழங்கைக் கொட்டித் தோல் சீவிக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். மற்றப் பெண்களும் வந்து போவார்கள். தொலைபேசி உள்ளே வந்ததும், எல்லாரும் அவரவர் பண்ணைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பேசியே விசாரித்தார்கள். மலிண்டாவின் கூண்டு சரியாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது. பாதி வழி நடந்து வருவாள், பேசுவாள், பாதி வழி திரும்பிப் போவாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் லவீனாவின் வீட்டுக்கே வந்து சேரும் நடைதான். அதை லாபம் என்று நினைத்தாள், பாவம்.

"என் மேல கிழங்குத் தோல் விழுந்து எத்தனை நாளாச்சு!" என்றது மேசை.

"அதான் எல்லாரும் விசாரிக்கிறாங்களே!"

"விசாரிக்கிறாங்க. வரலையே."

தொலைபேசிக்குக் கோபம் வந்தது. பொறாமை பிடித்த மேசை என்று நினைத்துக்கொண்டது.

ஒரு நாள் முற்பகலில், அடுப்படியிலிருந்து திரும்பிய லவீனாவுக்குத் தலை சுற்றியது. விழுந்துவிட்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்மா! இன்னும் கொஞ்சம்!" என்று துடித்தது தொலைபேசி. கை எட்டவில்லை.

அந்த நேரம் மலிண்டா கூப்பிட்டாள். தொலைபேசி உயிரைக் கொடுத்து அலறியது. வீடே அதிர்ந்தது. லவீனா சத்தம் வந்த சுவரைப் பார்த்தபடி அழுதாள். மறுமுனையில் மலிண்டா தனக்குத்தானே சொல்லிக்கொண்டது தொலைபேசிக்குக் கேட்டது.

"மணி நல்லாத்தான் அடிக்குது. கோழிக்குத் தீனி போடப் போயிருப்பா. இன்னொரு தடவை பார்ப்போம்."

"அடிக்க அடிக்க அங்கேயே நிக்கிறாளே!" என்று கதறியது தொலைபேசி.

"நீ அடிக்கிறதாலதான் நிக்கிறா," என்றது மேசை. இந்த முறை அது குத்திக்காட்டவில்லை.

மலிண்டா மறுபடி எண்ணைச் சுழற்றினாள்.

கூப்பிட்டதும் ஒலிப்பதுதான் தொலைபேசிக்குத் தெரிந்த ஒரே வேலை, அதன் ஒரே பெருமை. அதை விழுங்கிக்கொண்டு அது வாயை இறுக மூடியது. மணி அடிக்கவில்லை. கம்பியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"என்ன இது, செத்துப்போன மாதிரி கிடக்கு?"

இப்போதுதான் அடித்த மணி அடங்கிப்போனதென்றால் அங்கே ஏதோ ஆகியிருக்க வேண்டும் என்று மலிண்டாவுக்குத் தோன்றியது. கருவியைத் தொங்கவிட்டுவிட்டு, மீதிப் பாதி வழியை நீள அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடந்தாள்.

"ஐயோ லவீனா! எவ்வளவு நேரமாடி இப்படிக் கிடக்கிறே?"

அவள் தலைக்கு ஒரு துணியை அண்டக்கொடுத்துவிட்டு, எழுந்து தொலைபேசியை எடுத்தாள். அது உடனே வாயைத் திறந்தது. ஆஸ்பத்திரி வண்டி வந்தது. அன்று சாயங்காலம் குறை மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையளவு உடம்பு, ஊரைக் கூட்டும் அழுகை.

தாயும் பிள்ளையும் வீடு திரும்பியபோது மேசையைச் சுற்றி உட்கார இடமில்லை. ஒருத்தி ரொட்டி சுட்டாள், ஒருத்தி துணி மடித்தாள். சபைப் பெரியவர் வந்து குழந்தையை ஆசீர்வதித்தார்.

"பிள்ளை ரொம்பச் சின்னதா இருக்கும்மா. தொலைபேசி இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கட்டும். யாரும் தப்பாச் சொல்ல மாட்டாங்க," என்றார்.

லவீனா அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"வேண்டாங்க. அது அன்னைக்கு உதவாம இல்லை, நன்றி மறக்கலை. ஆனா அது பேசாமக் கிடந்தப்போதான் என் வீட்டுக்கு ஆள் வந்தது. கூண்டுலயே இருக்கட்டும்."

ஏனோஸ் திருகாணியைக் கழற்றினான்.

"வருத்தமா?" என்று மெதுவாகக் கேட்டது மேசை.

தொலைபேசி பதில் சொல்லவில்லை. பேசாமல் இருக்க அது கற்றுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மலிண்டா சூப்புப் பானையோடு வயல் வழியே வந்தாள். லவீனாவின் வீட்டைப் பார்த்து வேகவேகமாக நடந்தவள், தொலைபேசி திரும்பி வந்திருந்த கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனாள்.

தொலைபேசிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.