மாமியார் ஏறின சைக்கிள்

ஒரு ஊர்ல ஒரு சர்க்கஸ். எந்த ஊர்னு கேட்காதே, வாரத்துக்கு ஒரு ஊர் போற கூட்டம் அது. அதுல பவுனுன்னு ஒருத்தி சைக்கிள் விடுவா. நம்ம தெருவுல ஓடுற சைக்கிள் இல்ல அது. சக்கரம் சுத்தினா பெடலும் கூடவே சுத்தும், காலைச் சும்மா வச்சிருக்கவே முடியாது. பின்னாடி மிதிச்சா பின்னாடியே போகும். பிரேக்கும் கிடையாது, காலாலயே அழுத்திப் பிடிச்சு நிறுத்தணும். ம் கொட்டு, அப்போதான் சொல்வேன்.

அந்தப் பவுனு தோள் மேல அவ மாமியார் அங்கம்மா ஏறி நிப்பா, ஜிகினாச் சேலை கட்டிக்கிட்டு. அப்போ ஒரு நாள் ஆட்டத்துல, தொளதொளன்னு கிடந்த செயின் டொய்ங்னு கழண்டுடுச்சு. செயின் போனா அந்தச் சைக்கிளை எப்படி நிறுத்துறது? சர்ர்ருன்னு போய் பேண்டுக்காரங்க மேல மோத, அங்கம்மா பெரிய டிரம் மேல தொப்புன்னு உட்கார்ந்தா. ஜனங்க கை தட்டுனாங்க. அங்கம்மா மட்டும் தட்டல, இனிமே ஏற மாட்டேன்னுட்டா. மாமியார் ஏறலைன்னா இனி உனக்கு ஆட்டம் இல்ல, அந்த நேரத்துல ஆட்டுக்கடாவைக் கம்பி மேல நடக்க விடுறேன்னு முதலாளி சொல்லிட்டார். பவுனுக்கு அழுகையா வந்துச்சு. போயும் போயும் ஒரு ஆட்டுக்கிட்டயா தோக்கிறது?

அப்புறம் செயினை இறுக்க ஸ்பேனரை எடுத்தா. மாமியாருக்குப் பதிலா ஒரு தவிட்டு மூட்டையைத் தோள்ல வச்சு ஓட்டிப் பார்க்கலாம்னு. அங்கம்மா முக்காலி போட்டு, பொரிகடலை கொறிச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்தா.

பவுனு பின்சக்கர நட்டைத் தளர்த்தி, இருந்த கோபத்தையெல்லாம் காட்டி சக்கரத்தைப் பின்னால இழுத்து முறுக்கினா. செயின் கொடிக்கயிறு மாதிரி விறைச்சுது. ஏறி மிதிச்சா கிர்ர்ர், கிர்ர்ர். பெடல் நகரணுமே. தள்ளாடி, தொப்.

"மூட்டை விழுந்துச்சுல்ல, அது நான்"னா அங்கம்மா.

அப்புறம் செயினைக் கொஞ்சம் விட்டுப் பிடிச்சா. ஆனா ஒரு பக்கத்து நட்டை மட்டும் ஒரே மூச்சுல முறுக்கினதுல சக்கரம் கோணிக்கிச்சு. டயர் கம்பியில சர்க் சர்க்னு உரச, சைக்கிள் நேரா சமையல் கொட்டகைக்குள்ள போயிடுச்சு. தொப். கொட்டின தவிட்டை அந்த ஆட்டுக்கடா வந்து தின்னுச்சு. எனக்கு அந்த ஆட்டைக் கண்டாலே ஆகாது. ம்?

மூணாவது தடவை நிதானமா இந்தப் பக்கம் ஒரு முறுக்கு, அந்தப் பக்கம் ஒரு முறுக்குன்னு சக்கரத்தைச் சரியா நடுவுல நிறுத்தினா. செயினை விரலால அழுத்தினா லேசா அமுங்குது. ஏறினா, ஜம்முனு ஓடுது. ஓடி ஓடி, டொய்ங். தொப். அங்கம்மா முக்காலியைத் தூக்கிக்கிட்டு கிளம்பிட்டா.

பவுனு ஓடிப் போய் வழியை மறிச்சா. "அத்தே, ஒரே ஒரு தடவை பெடலை மெதுவா சுத்துங்க"ன்னு கெஞ்சினா. அங்கம்மா முனகிக்கிட்டே சுத்தினா.

"அடியே, இந்த இடத்துல இறுகுதுடி. இந்தா, இங்க தொங்குது."

பெடலோட சேர்ந்து சுத்துற, செயின் மாட்டுற பல்சக்கரமே முழு வட்டமா இல்ல! பவுனு அதுவரைக்கும் ஒரே இடத்துல அழுத்திப் பார்த்துட்டு விட்டிருக்கா. அப்போ ரொம்ப இறுகுற இடத்தைக் கண்டுபிடிச்சு, அங்க பெடல் பிடிக்காத அளவுக்கு நூலளவு மட்டும் தளர்வு விட்டா. அத்தை சுத்தச் சுத்த, இவ முறுக்கினா.

சாயங்காலம் ஆட்டம். டம் டம் டம். அங்கம்மா முணுமுணுத்துக்கிட்டேதான் ஏறினா. சைக்கிள் முன்னால போச்சு, பின்னால போச்சு, கிறுகிறுன்னு சுத்துச்சு. பவுனு காலை அழுத்தினா, முதலாளி மூக்குக்கிட்ட கப்புனு நின்னுச்சு. எல்லாரும் அங்கம்மா இறங்குவான்னு பார்த்தா, அவ இறங்கல.

"எதுக்குடி நிறுத்தின? இன்னொரு சுத்து போ."

பவுனுக்குச் சிரிப்பு தாங்கல, மிதிச்சா. அப்புறமும் இன்னொரு சுத்து. ஜனங்க வீட்டுக்குப் போயிட்டாங்க, ஆடு படுத்துடுச்சு, மாமியார் மட்டும் இறங்கவே இல்ல.

கதை இறங்கிடுச்சு. நீயும் கண்ணை மூடு.