மகாராஜாவைக் குழியில் நட்ட கதை

முன்னே, ரொம்ப முன்னே, வெயில் ஒன்றுதான் ராஜாவுக்குப் பயப்படாமல் திரிந்த காலத்தில், ஒரு தேசத்தை இளங்கேசரி மகாராஜா ஆண்டுவந்தார். ஒருநாள் நகர்வலத்தில் அவர் கிரீடத்தைக் கழற்றி வேர்வை துடைக்கிற நேரம் பார்த்துக் குடைக்காரன் கால் இடறிவிட்டான். ராஜாவின் வழுக்கையில் சுளீரென்று விழுந்தது வெயில். அவ்வளவுதான்!

"நகரமெங்கும் நிழல் வேண்டும்! திறவுங்கள் கஜானாவை!"

தெருவுக்குத் தெரு மரம் நட 'நிழல் மானியம்' பிறந்தது. பங்கிடும் பொறுப்பு தானாதிகாரி ஆபத்சகாயருக்கு. பெயரோடு சரி அவர் சகாயம். குழி வெட்ட மானியம், தோரணத்துக்கு மானியம், மேளம், மாலை, விருந்து எல்லாவற்றுக்கும் மானியம். நட்ட மறுநாள் தண்ணீர் ஊற்ற? சல்லிக்காசு கிடையாது! ராஜா தம் கையாலேயே நட்டார், கூட்டம் கைதட்டியது, பந்திக்கு ஓடியது. கன்றுகள் தெருத்தெருவாய்க் கருகின.

ஒன்றே ஒன்று பிழைத்தது. கயிறு திரிக்கும் தெருவில் ஒரு புங்கங்கன்று. அந்தத் தெருப் பெண்கள் பகலெல்லாம் வெட்டவெளியில் பின்பக்கமாக நடந்து நடந்து கயிறு முறுக்குகிறவர்கள். பிள்ளைக்குத் தூளி கட்ட ஒரு கிளை இல்லை. அதனால் முகம் கழுவிய தண்ணீரைக்கூட விடாமல் கன்றுக்கு ஊற்றினார்கள். இப்போது அது ராஜாவின் மார்பு உயரம்.

"சாத்தப்பண்ணே, கிணறு வத்திப்போச்சு. வண்டித் தண்ணியும் ஒரு முள்வேலியும் கேட்டு வாங்கிக் குடுங்க," என்றாள் அவர்களில் ஒருத்தியான சடைச்சி. இடுப்பில் வேர்க்குரு பூத்த கைக்குழந்தை சிணுங்கியது.

சாத்தப்பன் அரசவைக் கோமாளி. வாய் நீளம், மனசு வெண்ணெய். "ஆகட்டும் தாயே!" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டான். யோசித்துச் சொல்கிறவனாக இருந்தால் மந்திரியாகியிருக்க மாட்டானா?

சபையில் அவன் விஷயத்தைச் சொன்னதும் ஆபத்சகாயர் கனைத்தார். ராஜா சாத்தப்பனைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறவர் அவர்.

"அரசே, தங்கள் திருக்கரம் நட்ட கன்று தங்கள் உயரமாவது வளர வேண்டாமா? தங்கள் பிறந்தநாளன்று அளப்போம். உயரம் சரியாக இருந்தால் மானியம் தொடரட்டும். இல்லையேல் அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்க்கொட்டகை கட்டலாம்."

"பேஷ்! என் கன்று என்னளவு! சாத்தப்பா, சம்மதமா?"

பிறந்தநாளோ அடுத்த வாரம். ராஜாவோ நெடுநெடுவென்று இருப்பார். "சம்மதம் மகாராஜா," என்றது சாத்தப்பனின் வாய். அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கன்றைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

பிறந்தநாள் வந்தது. கயிற்றுத் தெருவில் ஒரே தோரணம்! ஆபத்சகாயர் கையில் அளவுகோல். பின்னால் கடப்பாரையோடு ஆட்கள். சடைச்சி கன்றை மறைத்துக்கொண்டு நின்றாள். கன்றுக்குப் பக்கத்தில் ஆளின் இடுப்பளவுக்கு ஒரு புதுக் குழி.

"மகாராஜா," என்றான் சாத்தப்பன், "கன்று குழியில் கால் வைத்து நிற்கிறது. தாங்களும் குழியில் நின்றால்தானே அளவு நியாயம்?"

"இது மோசடி!" என்று குதித்தார் ஆபத்சகாயர்.

விளையாட்டென்றால் ராஜாவுக்கு உயிர். அதற்குள் தொப்பென்று குழியில் இறங்கிவிட்டார்! தலைக்கு மேல் புங்கந்தளிர் ஆடியது. "அடடே, என்னை மிஞ்சிவிட்டதே!"

சாத்தப்பன் விடவில்லை. ராஜா கழுத்தில் மாலை போட்டான், காலடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான், மேளம் கொட்டச் சொன்னான். "நடுவிழா இனிதே முடிந்தது! எல்லாரும் பந்திக்கு வாங்க!" விருந்தென்றதும் சபை முழுக்க ஓடியது.

"யாரங்கே! குடை எங்கே?" என்று கேட்டது குழி.

"நட்ட பிறகு குடைக்கு மானியம் இல்லை மகாராஜா!"

"தொண்டை வறள்கிறது, தண்ணீர்!"

"ஊற்றியாயிற்றே! இனி அடுத்த பிறந்தநாளுக்குத்தான்."

அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு வந்து ராஜாவின் மாலையை மெல்ல ஆரம்பித்தது. "ஐயோ, ஆடு! ஆடு!"

"வேலிக்கும் மானியம் இல்லை!" என்றான் சாத்தப்பன். குரல் கம்பீரம்தான், ஆனாலும் ஓரடி தள்ளியே நின்றுகொண்டான். ஒருவேளை அடுத்த குழி அவனுக்கோ?

சடைச்சிக்குப் பொறுக்கவில்லை. ஆட்டை விரட்டிவிட்டு, பிள்ளைக்கு வைத்திருந்த தண்ணீரை நீட்டினாள். "குடிங்க சாமி. பாவம், வெயில்ல வாடிப்போயிட்டீங்க. இந்தக் கன்னுக்கும் நாங்க இப்படித்தான் ஊத்தினோம்."

ராஜா மடக்மடக்கென்று குடித்தார். கன்றைப் பார்த்தார். சாத்தப்பனைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், குழியின் மண் சரிய, தொப்பை குலுங்க அப்படி ஒரு சிரிப்பு! சரிந்த மண்ணில் கால் மாட்டிக்கொண்டது. கடைசியில் அந்தத் தெருப் பெண்கள் திரித்த கயிற்றைக் கட்டி, அவர்களே இழுத்துத்தான் ராஜா வெளியே வந்தார். அதற்குள் ஆபத்சகாயரும் ஏப்பம் விட்டபடி பந்தியிலிருந்து வந்து சேர்ந்தார்.

"இனி பாதி மானியம் நடுவதற்கு, பாதி காப்பதற்கு! ஆபத்சகாயரே, தண்ணீர்வண்டி உம் பொறுப்பு. நீரே ஓட்டும்!" என்றவர், முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார். "கேள், இன்னும் என்ன வேண்டும்?"

"மரம் பெரிதானதும் ஒரு கிளை, மகாராஜா. நானும் ஒரு தூளி கட்டிக்கொள்கிறேன்."

அந்தப் புங்கமரத்தில் இப்போது தூளிகள் வரிசையாய் ஆடுகின்றன. அதில் ஒன்று மட்டும் ரொம்பப் பெரிது. குறட்டை வருவது அதிலிருந்துதான்.