பொய் சொல்லாத பொறி

கேட்க வந்தவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மன்னர்கள் வரி கேட்டு ஆள் அனுப்பக்கூட மறந்துபோன ஒரு வறண்ட சீமையில், மனிதர்களைவிடப் பனைகள் அதிகமாக நின்ற காலத்தில், பொறி வைத்துப் பிழைக்கும் ஒருவன் இருந்தான். அவன் பெயர் சடையாண்டி.

அந்த ஊருக்கு நெல் கிடையாது. ஆடு, கோழி, மழை வந்தால் கொஞ்சம் தினை, அவ்வளவுதான். மழை வராத வருடம் ஆட்டை விற்றுச் சாப்பிடுவார்கள். கோழியை மட்டும் கடைசிவரை விடமாட்டார்கள். கோழி போன வீட்டில் அடுப்பு புகையாது.

கீரியும் மரநாயும் நரியும் காட்டிலிருந்து வந்தன. அவற்றைப் பிடிக்க ஊர் ஓர் ஆளை வைத்திருந்தது. முதலில் சடையாண்டியின் தகப்பன். பஞ்சத்தில் எங்கிருந்தோ வந்தவன். அவனுக்குப் பிறகு சடையாண்டி. குழி வெட்டுவான், கண்ணி கட்டுவான், தொட்டதும் விழுந்து அமுக்கும்படி கல்லைச் சாய்த்து நிறுத்துவான். மண்ணைத் தொட்ட இடத்தில் மனித வாடை இல்லாமல் ஆட்டுப் புழுக்கையைத் தேய்த்துவிட்டு வருவான். ஊர் அவனுக்குத் தினை அளந்தது. குடிசை போட இடம் கொடுத்தது. ஆனால் பெண் கொடுக்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. காட்டு உயிரைக் காரணமில்லாமல் கொல்லக் கூடாது. பொறியில் விழுந்ததைக் காவல் தெய்வத்தின் முன்னால் இருந்த பாறையில் கிடத்தி, ஊர் பார்க்க வயிற்றைக் கீறுவார்கள். உள்ளே இறகு இருந்தால் அது குற்றவாளி. இறகு இல்லாவிட்டால் குற்றம் பொறி வைத்தவனுடையது. தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு மூன்று பகல் அந்தப் பாறையடியில் அவன் பட்டினி கிடக்க வேண்டும். அடுத்தடுத்து மூன்று முறை அப்படி ஆனால் ஊரைவிட்டே போக வேண்டும்.

ஒரு கோடையில் கோழிகள் காணாமல் போகத் தொடங்கின. சத்தம் இல்லை, சிந்திய ரத்தம் இல்லை. காலையில் கூடையைத் தூக்கினால் ஒன்று குறையும்.

சடையாண்டி கல்லைச் சாய்த்து வைத்தான். கீரி விழுந்தது. வயிற்றில் ஓணான் இருந்தது. அவன் பட்டினி கிடந்தான்.

பனையடியில் குழி வெட்டினான். மரநாய் விழுந்தது. வயிற்றில் பனம்பழச் சக்கை இருந்தது. மறுபடி பட்டினி கிடந்தான். தண்ணீர் எடுத்துக்கொண்டு போன நல்லக்காள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றாள். அதிகம் கோழி இழந்தவள் அவள்தான்.

"பனம்பழம் தின்னதுக்கா அதைக் கொன்னே? என் வீட்ல நாலு பிள்ளைக பனம்பழம் திங்குதுக. அதுகளுக்கும் ஒரு குழி வெட்டு" என்றாள்.

அம்பலகாரர், அதாவது ஊர்த்தலைவர், மெதுவாகத்தான் பேசினார். "இன்னொரு தடவை ஆச்சுன்னா வழக்கம் தெரியுமில்ல, சடையாண்டி? நான் வாயால சொல்ற மாதிரி வச்சுக்காதே."

மூன்றாவதாகக் கண்ணி கட்டினான். விடிகாலையில் தனியாகப் போய்ப் பார்த்தபோது ஒரு நரி கழுத்து இறுகிக் கிடந்தது. சடையாண்டி குனிந்து அதன் வயிற்றை விரலால் அமுக்கினான். ஒட்டிப்போன வயிறு. அதற்குள் ஒன்றும் இல்லை என்று அவன் கைக்குத் தெரிந்தது. அவன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். எந்தத் திசையில் போவது என்று யோசித்தான். தகப்பன் எந்தத் திசையிலிருந்து வந்தான் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

பிறகு எழுந்து வீட்டுக்கு ஓடினான். அவனிடம் ஒரு வெள்ளைக்கோழி இருந்தது. அதன் சிறகிலிருந்து ஒரு பிடி இறகைப் பிடுங்கி வந்து, நரியின் வாயைப் பிளந்து, பனைமட்டைக் குச்சியால் தொண்டைக்குள்ளே தள்ளினான். போகும் மட்டும் தள்ளினான்.

பாறையில் வயிற்றைக் கீறியதும் வெள்ளையாகத் தெரிந்தது. நல்லக்காள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பார்த்தாள். "இது என் கோழிதான்" என்று அழுதாள். அவள் வளர்த்ததெல்லாம் செங்கோழிகள். அது அவளுக்கே நினைவில்லை, ஊருக்கும் நினைவில்லை.

அன்றைக்கு அவனுக்கு இரண்டு மடங்கு தினை கிடைத்தது. ஆனால் கோழிகள் குறைவது நிற்கவில்லை. அதனால் பொறி வைப்பதும் நிற்கவில்லை. கீரி விழுந்தது, வயிற்றில் இறகு இருந்தது. காட்டுப்பூனை விழுந்தது, வயிற்றில் இறகு இருந்தது. இன்னொரு நரி விழுந்தது, அதன் வயிற்றிலும் இறகு இருந்தது. எத்தனை திருடர்கள் இந்தக் காட்டில் என்று ஊர் வியந்தது. இப்போது அது அவனுக்குப் பழகிவிட்டது. மடியில் எப்போதும் ஒரு பிடி இறகு இருக்கும். வெள்ளைக்கோழி பாதி மொட்டையாகிவிட்டது. வெளியே விடாமல் கூடைக்கடியில் கவிழ்த்து வைத்திருந்தான்.

ஊர் அவனை மறந்து அவன் பொறியைப் பேச ஆரம்பித்தது. சடையாண்டி பொறியில் குற்றமில்லாதது விழாது என்றார்கள். எல்லைச் சண்டைக்காரர்கள் கண்ணிக்கயிற்றைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போகும்போது குனிந்து கும்பிட்டார்கள். அம்பலகாரர் ஒருநாள் வந்து, தன் அண்ணன் மகளுக்கு வயசாகிறது என்றும் சடையாண்டிக்கும் ஒரு துணை வேண்டும் என்றும் சொன்னார். சடையாண்டி அன்று நன்றாகத் தூங்கினான்.

கயிறு திரிக்கிற மூக்கையன் பக்கத்து ஊர்க்காரன். விழுந்து கிடக்கும் பனைமட்டைகளைப் பொறுக்கி நார் உரிப்பது அவன் தொழில். ஒரு நாள் கிழக்கு வெளுக்கும்போது பனங்காட்டுக்குள் வந்தவன் சடையாண்டியின் கண்ணியில் கால் வைத்தான். கணுக்காலில் கயிறு இறுகி, வளைத்துக் கட்டியிருந்த வேலங்கிளை நிமிர்ந்து அவனைத் தலைகீழாகத் தூக்கியது.

சடையாண்டிக்கு முன்பே ஊர் அங்கே போய்விட்டது. மூக்கையனை இறக்கிப் பாறைக்கு இழுத்து வந்தார்கள். நல்லக்காளுக்கு முந்தின நாளும் ஒரு கோழி போயிருந்தது.

"மட்டை பொறுக்க வந்தேன் சாமி. வேணும்னா என் கட்டைப் பிரிச்சுப் பாருங்க" என்றான் மூக்கையன்.

"மட்டைக்குள்ள கோழியை ஒளிக்க எவ்வளவு நேரமாகும்?" என்றாள் நல்லக்காள்.

கட்டைப் பிரித்தார்கள். மட்டைதான் இருந்தது. தின்று முடித்திருப்பான் என்றார்கள்.

மிருகத்துக்கு வயிறு, மனிதனுக்குக் கை. திருடிய கையை மணிக்கட்டோடு எடுப்பது அந்தக் காலத்துத் தண்டனை. வயிற்றைக் கீறிப் பார்க்க முடியாத இடத்தில் பொறி வைத்தவனை மூன்று முறை கேட்க வேண்டும் என்றார் அம்பலகாரர்.

"சடையாண்டி, உன் பொறி பொய் சொல்லுமா?"

ஒரு கோழிக்காகக் கைவரை போகமாட்டார்கள், நாலு அடி கொடுத்து விட்டுவிடுவார்கள் என்று சடையாண்டி எண்ணினான். "சொல்லாது" என்றான்.

"உன் பொறி பொய் சொல்லுமா?"

மூக்கையன் அவனையே பார்த்தான். "அண்ணே, கயிறு திரிக்க ரெண்டு கை வேணும்ண்ணே. ஒத்தைக் கையால முறுக்கு ஏறாது" என்றான். அதட்டாமல், கெஞ்சாமல், தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"சொல்லாது" என்றான் சடையாண்டி. அது அவன் காதுக்கே கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

அரிவாளைத் தீட்டும் சத்தம் எழுந்தது. மூன்றாம் முறை கேட்கும்வரை அவன் காத்திருக்கவில்லை.

"சொல்லும். எல்லாமே பொய். அந்த நரி எதையும் திங்கலை. இறகை நான்தான் குச்சியால தள்ளினேன். கீரிக்கும் பூனைக்கும் அப்படித்தான். நல்லக்கா, உங்கிட்ட வெள்ளைக்கோழி எப்ப இருந்துச்சு?"

அவன் மடியை உதறினான். இறகுகள் பாறைமேல் விழுந்தன. குடிசைக்கு ஓடிக் கூடையைத் தூக்கி, மொட்டைக்கோழியைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் விட்டான். அது வெயிலில் கூசிக்கொண்டு நின்றது.

நல்லக்காள் அதைத் தூக்கிப் பார்த்தாள். அவள் குரல் இளகியிருந்தது. "உன் கோழியையும் கடிச்சு உதறியிருக்குதே, பாவி. இத்தனை நாள் ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"கடிக்கலை அக்கா. நான் பிடுங்கினது."

"சரி, சரி" என்றாள் அவள், காய்ச்சல்காரனிடம் சொல்வதுபோல.

அம்பலகாரர் அவன் தோளில் கை வைத்தார். "இளகின மனசு உனக்கு. ஒரு ஆளோட கை போகுதேன்னு பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கிற. எங்களுக்குப் புரியாதா? நீ பொய் சொல்லலாம், சடையாண்டி. உன் பொறி சொல்லாது."

அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். இரண்டு பேர் அவனை மரியாதையாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். மூக்கையனின் வலது கையைப் பாறையில் வைத்து அழுத்தினார்கள். ஒரே வெட்டு.

அன்றிலிருந்து சடையாண்டி பாறையடியில் ஈரத்துணியோடு பட்டினி கிடந்தான். பொறிக்காக விரதம் இருக்கிறான் என்று ஊர் பேசிக்கொண்டது. கண்ணியை அறுத்து எறிந்தான். எடுத்துவந்து முடிச்சுப் போட்டுத் திரும்பக் கட்டினார்கள், பூ வைத்தார்கள். பசி தாங்காத ஒரு காலையில் அவன் எழுந்து வீட்டுக்குப் போனான். வாசலில் அவனுக்காக அளந்து வைத்த தினை இருந்தது. அதைச் சமைத்துச் சாப்பிட்டான்.

கோழிகள் குறைந்துகொண்டுதான் இருந்தன. பனங்காட்டில் பொறி காத்திருந்தது.

ஊர் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் அளவுக்கு ஒரு பொய்யை வளர்த்துவிட்டவனுக்கு, உண்மையைச் சொல்ல வாய் வரும் நாளில் கேட்க ஆள் இருக்காது.