பொழுது சாயாத திங்கட்கிழமை

தொப்பு, தொப்பு என்று ஒரு சத்தம். மரமே முளைக்காத வடதுருவத்து வெட்டவெளி அது. மனிதச் சத்தம் கேட்டு எத்தனை காலமோ. கலைமான்கள் காதைத் தூக்கின. மேட்டைத் தாண்டிப் பார்த்தால், ஆரணிக்காரர்கள் மூன்று பேர் துடுப்பால் ஒரு துணி மூட்டையை வெளுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள்மேல் தப்பில்லை. திங்கட்கிழமை காலையில் விமானத்தில் கொண்டுவந்து இறக்கிய வழிகாட்டி சிவகடாட்சம், யாழ்ப்பாணத்துக்காரர், "முதல்ல கூடாரம் அடியுங்கோ" என்று சொல்லியிருந்தார். அடித்தார்கள்.

கல்யாண நகை வாங்கிய கடையின் குலுக்கலில் விழுந்த பரிசு இந்தப் பயணம். மாப்பிள்ளை ஏகாம்பரம். இருபத்திரண்டு பெண் வீட்டார் விசாரித்துவிட்டு வேண்டாம் என்றார்கள். இருபத்துமூன்றாவது வீட்டார் விசாரிக்கவில்லை. துணைக்குத் தாய்மாமன் துளசிங்கம், பெரியப்பா மகன் நமச்சிவாயம்.

"ஆறு கடல்ல சேருற இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம் வரும். விட்டியளோ, அடுத்தது ஒரு மாதம் கழிச்சுத்தான்" என்றார் சிவகடாட்சம்.

"ஐயோ, ஞாயிறு விட்டு வெள்ளிக்கிழமை எனக்கு முகூர்த்தம்!"

"அப்ப நிப்பாட்டாமல் வலியுங்கோ தம்பி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிக்கவேணும்."

யாழ்ப்பாணத்தில் வலிப்பது என்றால் துடுப்புப் போடுவது. ஆரணியில் அப்படி இல்லை. அவர் விமானத்தில் திரும்பிப் போனதும், விட்டுப்போன படகில் ஏறி மாமா ஏகாம்பரத்தின் இடது தொடையைக் கிள்ளினார்; நமச்சிவாயம் வலது தொடையை.

"வலிக்குதாடா?"

"இடது பக்கம் கம்மி மாமா."

"நமச்சி, நீ கொஞ்சம் மெதுவா கிள்ளு. சமமா வலிக்கணும்னாரு இல்ல?"

ஆறு இவர்களை நம்பி ஓடவில்லை. அதுபாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. அருவி வந்த இடத்தில் படகைச் சுமந்து நடக்க வேண்டும், சுமந்தார்கள். மாப்பிள்ளையை நடக்கவிடக் கூடாது என்று அவனை அதிலேயே உட்காரவைத்துச் சுமந்தார்கள்.

சூரியன் மட்டும் வானத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர இறங்கவில்லை.

"மாமா, இன்னிக்கு மட்டும் பத்து வேளை சாப்பிட்டிருக்கோம்" என்றான் ஏகாம்பரம்.

"குளிர்ல பசிக்கும்டா."

"மூணு தடவை தூங்கி எழுந்தோமே?"

"அது பகல் தூக்கம். கணக்குல வராது."

நமச்சிவாயம் கைக்கடிகாரத்தை நீட்டினார். "இது வியாழக்கிழமைங்குதே?"

மாமா நெடுநேரம் யோசித்தார். "பொழுது சாயணும், இருட்டணும், கோழி கூவணும். அப்புறந்தான் செவ்வாயே. இங்க கோழிக்கு எங்க போறது? இன்னும் திங்கக்கிழமைதான்."

கடிகாரத்துக்குக் குளிரில் புத்தி கெட்டுவிட்டது என்று தீர்மானித்துப் பையில் போட்டார்கள்.

கடலோரம் வந்து சேர்ந்து, மணல் போட்டுக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது விமானம் இறங்கியது. ஓட்டிவந்த வெள்ளைக்காரம்மா கை தட்டிக் கூப்பிட்டாள். மூடுபனி வருவதைக் காட்டினாள். காலி இருக்கைகள் மூன்றைக் காட்டினாள்.

ஏகாம்பரம் எழுந்து கும்பிட்டான். "எங்களுது ஞாயித்துக்கிழமை வண்டிம்மா. அடுத்தவங்க சீட்டுல உக்காந்தா நல்லா இருக்காது."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நிச்சயம் ஆன பையன்மா!" என்று பதறி மாமா குறுக்கே பாய்ந்தார்.

பனி நெருங்கியது. அவள் தலையில் அடித்துக்கொண்டு ஏறினாள். விமானம் புள்ளியாகி மறையும்வரை மூவரும் கையாட்டினார்கள்.

"அவசரப்பட்டு ஏறியிருந்தா?" என்றார் நமச்சிவாயம்.

"ஆறு நாள் முன்னாடியே போய் என்ன பண்றதுண்ணே? கல்யாணத்துக்கு இன்னும் முழுசா பதினோரு நாள் கிடக்கு" என்று சொல்லி, ஏகாம்பரம் குந்தி உட்கார்ந்து குண்டானின் அடிப்பிடித்த பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினான்.