அரிசி நிறத்துக் கல்

“எனக்குக் காவி குடுங்க தாயே. வீட்டு வாழ்க்கை போதும்.”

மலையடிவார மடத்தில், துறவி கோமதியம்மாவின் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார் சங்கிலிபூதத்தான். பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய மனுஷன். நம்ம ஆட்களுக்குக் கோபம் வந்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது சந்நியாசம்தானே!

“வீட்டில் என்ன குறை, அண்ணாச்சி?”

“மதிப்பில்ல தாயே. உலகம்மா கல்யாண ஜாக்கெட்டுக்கு மணி கோத்து ஆரி வேலை செய்வா. ஊசியைக் கையில எடுத்துட்டான்னா, நான் பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் நிமிர மாட்டா. அம்புட்டு இளக்காரம்!”

“வெண்டைக்காய் நறுக்கும்போது கூப்பிட்டால்?”

“அப்ப நல்லாத்தான் பேசுவா. தெருவுல என் செருப்புச் சத்தம் கேட்டாலே ‘வந்துட்டீகளா’ம்பா.”

அம்மா சிரித்தார். உள்ளே போய் ஒரு சுளகு நிறையப் பச்சரிசி கொண்டுவந்து வைத்தார்.

“மத்தியானம் அன்னதானம். இதில் கல் கிடக்கு, அரிசி நிறத்திலேயே. ஒண்ணு தப்பினாலும் யாரோ ஒருத்தர் பல்லு போயிடும். பொறுக்கிக் குடுங்க. காவியைப் பிறகு பார்ப்போம்.”

“இம்புட்டுதானா?” என்று உட்கார்ந்தார் பூதத்தான்.

சனியன் பிடித்த கல், அரிசியோடு அரிசியாகக் கிடந்தது. ஒவ்வொரு மணியாக நகர்த்தினார். கண்ணில் நீர் கோத்தது. துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். வரும்போது இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கடைசிக் கல்லையும் எடுத்து எறிந்துவிட்டு, அப்பாடா என்று நிமிர்ந்தார்.

சுளகுக்கு அந்தப் பக்கம் உலகம்மா உட்கார்ந்திருந்தாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏட்டி, நீ எப்ப வந்தே?”

“அடுத்த பஸ்ஸுல. வந்து வெகு நேரம் ஆச்சு.”

“கூப்பிட வேண்டியதுதானே?”

“நல்லாக் கேட்டீக! ஏங்க, ஏங்கன்னு தொண்டை வத்தக் கூப்பிட்டேன்.”

பூதத்தான் அம்மாவைப் பார்த்தார். ஆமாம் என்று அம்மா தலையசைத்தார்.

“உனக்குக் கோவம் வரலையா?”

“எதுக்கு வரணும்? வேலையா இருக்கீகன்னு பேசாம உக்காந்துட்டேன்.”

அவர் சுளகை ஓரமாக நகர்த்தி வைத்தார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

“காவி எடுத்து வரட்டுமா, அண்ணாச்சி?” என்றார் அம்மா.

“ரெண்டு பேருக்கு இலை போடுங்க தாயே. சாப்பிட்டுட்டு ஊருக்குக் கிளம்புதோம்.”