மருத்துவச்சி கட்டிய கயிறு

முன்னொரு காலத்தில் குறுங்கரை என்று ஒரு நாடு இருந்தது. அதை வேழமுடியான் என்ற ராஜா ஆண்டுவந்தான். நாடு என்றால் பெரிய நாடு இல்லை. இந்த எல்லையில் ஒருவன் தும்மினால் அந்த எல்லையில் இருப்பவன் "நூறாயுசு!" என்பான். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பங்காளி முறை. அதனால் கல்யாணத்துக்குப் பெண் வேண்டுமென்றால் ஆற்றைத் தாண்டி அடுத்த நாட்டில்தான் எடுப்பார்கள்.

ராஜா நல்லவன்தான். ஆனால் கடைசியாகக் காதோரம் பேசியவர் சொன்னதே அவனுக்கு வேதவாக்கு. அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் செந்தட்டியார். ராஜாவின் தலைப்பாகைக்குத் துணி தேர்ந்தெடுப்பது அவருடைய உத்தியோகம்.

எட்டு வருஷத்துக்கு முன் வடக்கே மழை பொய்த்து, நாற்பது குடும்பங்கள் நடந்தே குறுங்கரைக்கு வந்து சேர்ந்தன. துணிக்குச் சாயம் தோய்ப்பவர்கள். அவர்கள் குடியேறிய தெரு சாயக்காரத் தெரு ஆயிற்று. ஒருநாள் ராஜா, செந்தட்டியாரை ஒரு வார்த்தை கேட்காமல், அந்தத் தெருவில் வாங்கிய துணியைத் தலையில் கட்டிக்கொண்டு அவைக்கு வந்துவிட்டான். செந்தட்டியாருக்கு வயிறு பற்றிக்கொண்டது.

"மன்னா, அந்தத் தெருவில் வழி கேட்டேன். நாலு பேர் பதில் சொன்னார்கள், ஒன்றும் விளங்கவில்லை. சமையலில் கடுகெண்ணெய் வாடை. பண்டிகை வந்தால் போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் வண்ணப்பொடி. இப்படியே விட்டால் இது யார் நாடு என்று நம் பிள்ளைகளே கேட்பார்கள்!"

"அவர்கள் வந்தபிறகுதானே நம் சந்தையில் கூட்டம் சேர்ந்தது?" என்றான் ராஜா.

"கூட்டம் சேர்ந்தது, மன்னா. நம் வழக்கம் கரைகிறது."

ராஜாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. இந்த மண்ணில் பிறந்தவர்கள் மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் பத்து நாளில் வெளியேற வேண்டும் என்று அன்றே முரசு அறைந்தார்கள்.

சாயக்காரத் தெருவில் ஜம்னா என்று ஒரு பெண். ஏழு மாதக் கர்ப்பிணி. முரசு கேட்டதும் மருத்துவச்சி உலகாத்தாளிடம் ஓடினாள். ஊரில் பிள்ளைப்பேறு பார்ப்பவள் உலகாத்தாள் ஒருத்திதான்.

"நடுவழியில வலி வந்தா யாரைக் கூப்பிடுவேன், அக்கா?" என்று அழுதாள் ஜம்னா.

உலகாத்தாளுக்கு அழுகையைவிடக் கோபம் சீக்கிரம் வரும். "கண்ணைத் துடை. நீ எங்கயும் போகமாட்டே" என்று சொல்லிவிட்டு நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

"மகராசா, இங்க யார் பிறந்தாங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கு முந்தி எங்க ஆத்தாளுக்குத் தெரியும். இந்த மண்ணுல பிறந்தவங்க கையில நான் சிவப்புக் கயிறு கட்டிட்டு வாரேன். கயிறு இல்லாதவங்க போகட்டும். ஆனா ஆள் பார்த்துக் கட்டச் சொல்லக்கூடாது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். செந்தட்டியார் துள்ளி எழுந்தார். "ஆள் பார்ப்பதா? மன்னரே ஆனாலும் இங்கே பிறந்தால்தான் கயிறு!"

ராஜாவும் தலையை ஆட்டிவைத்தான்.

பத்தாம் நாள் அவை கூடியது. சாயக்காரத் தெருக் குழந்தைகள் முன்னால் வந்து நின்றார்கள். ஏழு வயதுப் பிள்ளையிலிருந்து இடுப்புக் குழந்தை வரை ஒவ்வொரு கையிலும் சிவப்புக் கயிறு. அவையிலோ பாதிக் கைகள் வெறுங்கைகள். செந்தட்டியார் கையில் கயிறு இல்லை. ராஜா கையிலும் இல்லை.

"உலகாத்தா! என் கயிறு எங்கே?" என்று அதட்டினான் ராஜா.

"உங்களுக்குக் கிடையாதே, மகராசா. நீங்க தலைச்சன் பிள்ளை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போறதுதானே நம்ம வழக்கம்? உங்க அம்மா ஏழாம் மாசம் வளையல் போட்டுக்கிட்டு அக்கரைக்குப் போனாங்க. நீங்க பிறந்தது அங்க. மூணு மாசக் குழந்தையா பரிசல்ல வந்தீங்க. துணைக்குப் போய்க் கூட்டியாந்தது எங்க ஆத்தாதான்."

"நான்?" செந்தட்டியாரின் குரல் கீச்சென்றது.

"நீங்களும் தலைச்சன்தான். பரிசல்ல வழி பூரா கத்துனீங்களாம்."

அவை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. அந்தக் குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவர்களிலும் தலைச்சன் பிள்ளைகள் உண்டே. அவர்கள் மட்டும் ஏன் இங்கே பிறந்தார்கள்?"

"அவங்க அம்மாமாருக்குத் தாய்வீடு ஏது, மகராசா? போக இடம் இருந்தா போயிருக்க மாட்டாங்களா? வலியில அவங்கவங்க அம்மாவைக் கூப்பிட்டாங்க. நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் அம்மாவும் ஒருநாள் மணப்பெண்ணாகப் பரிசலிலிருந்து இறங்கி, ஒரு முகமும் தெரியாமல் இந்த வாசலில் நின்றிருப்பாள் என்பது அவனுக்கு அன்றுதான் தோன்றியது. அவளிடம் யாரும் நீ எப்போது போவாய் என்று கேட்கவில்லை.

"செந்தட்டியாரே, நாம் இருவரும் மூட்டை கட்டலாமா?"

செந்தட்டியாரின் தலை தொங்கிவிட்டது. "மன்னா, அக்கரையில் என் தாய்மாமன்கூட இப்போது இல்லை. அங்கே போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்?" என்றார். குரல் நடுங்கியது.

"இந்த நடுக்கத்தைத்தானே நாற்பது வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்?" என்றான் ராஜா. ஆணை ஓலையை அங்கேயே முறித்துப் போட்டான்.

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி உலகாத்தாளிடம் நீட்டினான். அவள் வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்கிற ஆளா அவள்!

"இன்னொரு விசயம், மகராசா. ஜம்னாவுக்கு இது ஏழாம் மாசம். வளையல் போட்டுக் கூட்டிட்டுப் போக ஒரு தாய்வீடு வேணும்."

ராஜா யோசிக்கவே இல்லை. அடுத்த நல்ல நாளில் சாயக்காரத் தெருவுக்குச் சீர் புறப்பட்டது. வளையல் தட்டைத் தலையில் சுமந்துகொண்டு முன்னால் நடந்தவர் செந்தட்டியார். அது அவருக்கு விதித்த தண்டனை. அண்ணன் முறைக்கு ராஜாவே பின்னால் நடந்து வந்தான். ராணி வளையல் அடுக்கினாள். தெருப் பெண்கள் தங்கள் பாஷையில் பாட, ஒரு சொல்லும் புரியாமலே செந்தட்டியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

ஜம்னா தேம்பித் தேம்பி அழுதாள். ராஜா பதறிப்போனான். "ஏனம்மா அழுகிறாய்? யாராவது ஏதாவது சொன்னார்களா?"

"இல்ல அண்ணா" என்றாள் அவள். "அம்மா வீடு ரொம்ப தூரம்னு எட்டு வருசமா நினைச்சிருந்தேன். நாலு தெருதான் இருக்கு."