கருநாரை வந்த காலை

"இந்த மார்கழியிலாவது கருநாரையைக் காட்டிருவீங்களா, டீச்சர்?"

வேனில் ஏறி உட்காரும் முன்பே ஆவுடையப்பன் கேட்டுவிட்டார்.

"குளத்தைக் காட்டுறேன், அண்ணாச்சி" என்றார் எப்சிபா டீச்சர். "நாரைகிட்ட நான் பேசி வைக்கலையே."

டிரைவர் உச்சிமாகாளி சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

நாற்கரச் சாலை வராத காலம் அது. பாளையங்கோட்டையை விட்டு வெளியே வந்தால் இரண்டு பக்கமும் புளியமரம். வீட்டு வாசல்களில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் விடிந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும். முன்கண்ணாடியில் பனி படியப் படிய, மாகாளி ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டுவான்.

யாரிடமும் செல்போன் கிடையாது. தூரத்துப் பறவையைப் படம் எடுக்கும் கேமராவும் கிடையாது. பார்த்ததை வாயால்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நம்புகிறவர்கள் நம்புவார்கள்.

டீச்சர் பெண்கள் பள்ளியில் உயிரியல் நடத்தினார். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஆவுடையப்பன் மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவர்தான். ஆனால் மாணவர் அவர்.

மனைவி இறந்த வருஷம், ஒரு சாயங்காலம், அவராகவே டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எனக்குப் பறவை பார்க்கக் கத்துக்குடுங்க."

ஏன் என்று டீச்சர் கேட்கவில்லை. மனைவியைப் பற்றி அவரும் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும்.

முதல் பாடம் நாமக்கோழி. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். குளம் முழுக்க அதுதான் மிதந்தது.

"ஒரு மணி நேரம் இதைப் பாருங்க" என்றார் டீச்சர்.

"இது எங்கே போனாலும் கிடக்கே, டீச்சர்."

"அதனாலதான் ஒருத்தரும் பார்க்குறதில்லை."

ஆவுடையப்பன் பார்த்தார். ஆனால் அவர் கண் அடிக்கடி பைனாகுலரை விட்டு விலகி வானத்துக்குப் போயிற்று.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கருநாரை. எங்கோ வடக்கே இருந்து பனிக்காலத்துக்கு வரும் பறவை. நம் பக்கம் வருவது அபூர்வம். வந்தாலும் ஒற்றையாய் வந்து, யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

வருஷங்கள் போயின. வரித்தலை வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து போயின. பூநாரைகள் வந்தன. ஒரு தை மாதம் ஐரோப்பாவிலிருந்து செங்கால் நாரைகூட வந்து நின்றது. டீச்சரும் மாகாளியும் துள்ளினார்கள். ஆவுடையப்பன் ஒரு தரம் பார்த்துவிட்டு, "வெள்ளை" என்றார்.

ஒருமுறை, களக்காட்டுப் பக்கம் கருநாரை நிற்கிறது என்று ஒருவர் சொல்லக் கேட்டு ஓடினார்கள். வயலில் நின்றது கறுப்பு அரிவாள் மூக்கன்.

ஆவுடையப்பன் கரையில் உட்கார்ந்துவிட்டார். இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"வேற எதையும் பார்க்க வேண்டாமா, அண்ணாச்சி?"

"வேண்டாம்."

"அப்போ கண்ணை மூடிக்கிட்டு இருங்க. கருநாரை வந்தா எழுப்புறேன்."

வீம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அது என்ன சத்தம், டீச்சர்?"

"ஊசிவால் வாத்து."

"இது? கிறீச்சுன்னு?"

"மீசை ஆலா."

ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தார். டீச்சர் இட்லியை அவர் பக்கம் தள்ளினார்.

"கருநாரைமேல அப்படி என்ன ஆசை, அண்ணாச்சி?"

"சும்மாதான்" என்றார் அவர்.



நான் சொல்ல வந்தது, அதற்கு அடுத்த மார்கழியில், அந்த வேன் பயணத்தில் நடந்தது.

நல்ல மழை பெய்த வருஷம். நாங்குநேரிக்குத் தெற்கே அந்தப் பெரிய குளம் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. கரையில் ஏறும்போது கல் தடுக்கி, டீச்சரின் செருப்பு வார் அறுந்துபோயிற்று.

டீச்சர் ஒற்றைக் காலில் நின்றார். ஆவுடையப்பன் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சிரித்தார்.

அவர் சிரித்து மாகாளி பார்த்ததே இல்லை.

"குடுங்க" என்றார்.

"ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி. நான் வெறுங்காலோட நடந்துக்கிடுவேன்."

"குடுங்க, டீச்சர். எனக்கு இது பழக்கம்."

செருப்பை வாங்கிக்கொண்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி மடைச்சுவரில் உட்கார்ந்தார். அரைஞாணில் கோத்திருந்த ஊக்கை எடுத்தார். செருப்பு மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"கோமதிக்கும் இப்படித்தான் அறுந்துச்சு. கல்யாணமான புதுசு. அவ அக்கா வீட்டுக்குப் போறோம். பஸ்ஸை விட்டு இறங்கி, குளத்தங்கரை வழியா நடை. மார்கழி மாசம், இதே குளிரு. பட்டுச்சேலை, கையில பலகாரத் தூக்கு, கால்ல செருப்பு அறுந்து தொங்குது. அழுதிருவா போல இருந்துச்சு. நான் கீழே உட்கார்ந்து, ஊக்கு போட்டு வாரை மாட்டுறேன். அவ என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா."

டீச்சரும் மாகாளியும் அவருக்கு எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அது வந்தது.

மேற்கே மலைப் பக்கமிருந்து, இறக்கையை அசைக்காமல் மிதந்து வந்தது. ஆவுடையப்பனின் முதுகுக்குப் பின்னால், கல்லெறி தூரத்தில், முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றது.

மாகாளி வாயைத் திறந்தான். டீச்சர் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். பறவையிலிருந்து கண்ணை எடுத்து, மறுபடியும் ஆவுடையப்பன் முகத்தைப் பார்த்தார்.

"அப்புறம், அண்ணாச்சி?"

"திடீர்னு தோளை உலுக்குதா. 'இங்கே பாருங்க, இங்கே பாருங்க'ன்னு. ஊக்கு குத்திரும், இருன்னேன். மாட்டி முடிச்சு நிமிர்ந்தா, ஒண்ணும் இல்லை. 'கறுப்பா ஒரு நாரை'ங்கா. 'முதுகு அட்டக்கறுப்பு, ஆனா வெயில் பட்டா மயில் கழுத்து. வயிறு மட்டும் சலவை வேட்டி. காலும் மூக்கும் குங்குமத்துல முக்கி எடுத்த மாதிரி'ன்னா. அவ அக்கா வீட்டுல போய்ச் சொன்னா, எல்லாரும் சிரிக்காங்க. நாரையில ஏதுட்டீ கறுப்புன்னு. சாகுற வரைக்கும் அவளுக்கு அந்தக் கேலிதான். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும், 'கோமதி, கறுப்பு நாரை சௌக்கியமா?'ன்னுதான் கேப்பாங்க. அவளும் சேர்ந்து சிரிப்பா. ஆனா பார்த்தேன்னு சொன்னதை மட்டும் மாத்திக்கவே இல்லை."

"நீங்க நம்புனீங்களா?"

ஆவுடையப்பன் ஊக்கை வாரில் குத்தி, மடக்கினார்.

"நம்புறேன்னுதான் சொன்னேன்."

வாரை இழுத்துப் பார்த்தார்.

"அவ போன பிறகு ஒரு கடையில பறவைப் புத்தகம் புரட்டிக்கிட்டிருந்தேன். அதுல படம் இருந்துச்சு, டீச்சர். கருநாரைன்னு பேரே போட்டிருந்துச்சு."

மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பின்னால் அந்தப் பறவை கழுத்தை நீட்டி, இரண்டு எட்டு வைத்து, எழும்பிற்று. பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தது.

ஆவுடையப்பன் செருப்பை நீட்டினார்.

"போட்டுப் பாருங்க. வீடு வரைக்கும் தாங்கும்."

அன்று அவர் நாமக்கோழியைக்கூட ரசித்துப் பார்த்தார். இட்லி தின்றார். கோமதி வைக்கும் மிளகாய்ப்பொடியைப் பற்றிப் பேசினார். கோமதி ரேடியோவோடு சேர்ந்து பாடுவதைப் பற்றிப் பேசினார். கருநாரையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வேன் திரும்பியது. கொஞ்ச தூரம் போயிருக்கும். மாகாளிக்கு அடக்க முடியவில்லை.

"என்ன இருந்தாலும் என்னா பெருசு, டீச்சர்! காலு என்னா செவப்பு!"



"எது?" என்றார் ஆவுடையப்பன்.

மாகாளி கண்ணாடியில் டீச்சரைப் பார்த்தான்.

"எதுடா பெருசு?"

"நீங்க செருப்பு தைக்கும்போது, சார்... உங்க பின்னால..."

ஆவுடையப்பன் மெதுவாக டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன், அண்ணாச்சி."

"வந்தா எழுப்புறேன்னு சொன்னீங்களே!"

டீச்சர் குனிந்து, காலில் கிடந்த செருப்பைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை. திரும்புங்கன்னு ஒரு வார்த்தை! இத்தனை வருஷமா நாய் மாதிரி உங்க பின்னால சுத்துறேனே. அந்தக் கதையை நான் எப்ப வேணாலும் சொல்லியிருப்பேனே!"

"சொல்லியிருப்பீங்களா?"

அவருக்கு முகம் சிவந்தது.

"மாகாளி, வண்டியை நிறுத்து."

இறங்கினார். வந்த வழியே குளத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். வெயில் ஏறியிருந்தது. டீச்சர் பின்னாலேயே நடந்தார். மாகாளி வண்டியைத் திருப்பி, அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தான்.

கரைமேல் ஏறி, மடைச்சுவர் பக்கத்தில் நின்றார். பைனாகுலரை எடுத்துக் குளம் முழுக்க ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். திரும்பவும் பார்த்தார். நாமக்கோழிகள். வாத்துகள். தண்ணீர்.

பைனாகுலரைக் கீழே இறக்கினார். மூச்சு வாங்கியது. டீச்சர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

காற்று அடித்தது. பனை ஓலைகள் உரசிக்கொண்டன.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, சின்னக் குரலில் ஆவுடையப்பன் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு, டீச்சர்?"

"மதினி சொன்ன மாதிரியே இருந்துச்சு, அண்ணாச்சி."